புகையாத கரி

டிசம்பர் 28, ஞாயிறு

உறைபனி. புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த டைரி. செபஸ்தியான் முப்பத்தொரு வருஷம் இந்தக் காட்டேஜுக்குத் தோட்டக்காரர். காலையில் எழுந்ததும் புல்லைப் பார்த்துவிட்டு ‘உறைபனி’ அல்லது ‘பனி இல்லை’ என்று எழுதுவார். அதோடு சரி. எங்கள் கல்யாண நாள் பக்கத்தில்கூட ‘பனி இல்லை’ என்றுதான் இருக்கிறது. அவர் போன பிறகு நான் எழுதுகிறேன். எனக்கு ஒரு வரியில் நிறுத்தத் தெரியாது. வாயும் அப்படி, கையும் அப்படி.

இன்று கரி வந்தது. பன்னிரண்டு மூட்டை, எல்லாம் சீகை மரத்துக் கரி. கொண்டுவருகிறவர்கள் அடியில் வேகாத கரியைப் போட்டு மேலே நல்லதைப் பரப்பி வைப்பார்கள். என்னிடம் அந்தப் பாச்சா பலிக்காது. அடியிலிருந்து இரண்டு துண்டு எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். நன்றாக வெந்த கரி கணீரென்று கேட்கும், அடுப்பில் போட்டால் புகையாது. வேகாதது மொத்தென்று கேட்கும், புகைந்து கண்ணைப் பிடுங்கும். இரண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன்.

கோடைமலையில் கரி கேட்டு என்னிடம் வராதவர்கள் குறைவு. இஸ்திரிக்காரர் யாக்கோபு, சந்தையோரத்து டீக்கடை, கோயில் தூபத்துக்கு உபதேசியார், கோழி சுட வேண்டும் என்று வரும் விருந்தாளிகள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போட ஒருவர் வாங்கிப் போனார். நான் பல் விளக்குவதும் கரித்தூளில்தான். ஐம்பத்தெட்டு வயதில் முப்பத்திரண்டும் இருக்கிறது.

மத்தியானம் டிரைவர் அறையைச் சரிசெய்தேன். பின்பக்கம் விறகு போட்டிருந்த சின்ன அறைதான், வரும் டிரைவர்கள் படுக்கக் கொடுத்திருக்கிறோம். மழையில் ஊறி ஜன்னல் கதவு முறுக்கிக்கொண்டது. மூடினாலும் விரல் நுழைகிற இடைவெளி. முதலாளி எட்வின் சார் மதுரையில் இருக்கிறார். போனில் சொன்னால், “சீசன் முடியட்டும் திரேசம்மா, தச்சனைக் கூப்பிடலாம்” என்கிறார். குளிர் சீசன் முடியும்வரை காத்திருக்குமா? நானே இடுக்குகளில் சாக்குத்துணியைத் திணித்து, வெளிப்பக்கமாக ஒரு தகரத்தை வைத்து ஒன்பது ஆணி அடித்துவிட்டேன். கட்டைவிரலிலும் ஒரு அடி விழுந்தது. கதவுக்கு அடியிலும் ஒரு சாக்கு. இனி ஒரு டிரைவரும் குளிருது என்று முனக முடியாது.

டிசம்பர் 31, புதன்

பனி இல்லை. எல்லோருக்கும் புதுவருஷத்துக்குக் கோழி சுட்டாக வேண்டும். மூன்று மூட்டை காலி.

ஜனவரி 2, வெள்ளி

உறைபனி.

மதுரையிலிருந்து ஒரு பார்ட்டி வந்திருக்கிறது. பெரியவர், அவர் மனைவி, மருமகள், இரண்டு பிள்ளைகள். டிரைவர் பெயர் சோணைமுத்து, மேலூர்ப் பக்கம் ஆலம்பட்டி. முப்பது வயதிருக்கும். ஒரு ஸ்வெட்டர்கூட இல்லை. மலைக்கு வருகிறவன் அரைக்கைச் சட்டையோடு வந்து நிற்கிறான்.

குழாயடியில் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தான். மேல் தட்டில் ஒரு கரித்துண்டு.

“என்னப்பா, கரியத் திங்கிற பழக்கம் உண்டா?” என்றேன்.

“இல்ல பெரியம்மா. வீட்ல போட்டுவிட்டது. கறிக்கொழம்பு கொண்டுபோறேன்ல, வழியில காத்து கருப்பு அண்டக்கூடாதாம். கரி கெடந்தா ஒண்ணும் கிட்ட வராதாம்.”

“நீ நம்புறியா?”

“நம்பாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா.”

அந்தக் கரித்துண்டையும் கழுவித் துடைத்து மறுபடி கேரியருக்குள் வைத்தான். என்னிடம் ஒன்பது மூட்டை இருக்கிறது, இந்த மலையில் பேய்க்கே இடமில்லை என்றேன். ரொம்ப நேரம் சிரித்தான். சும்மா சொன்னதற்கே அப்படிச் சிரிக்கிற ஆளைப் பார்த்து நாளாகிவிட்டது.

ஜனவரி 3, சனி

உறைபனி. குழாயில் தண்ணீர் உறைந்து எட்டு மணிக்குத்தான் வந்தது.

சோணைமுத்து நேற்று காரிலேயே படுத்திருக்கிறான். காலையில் கையைக் காலை மடக்க முடியவில்லை. கட்டங்காப்பி கொடுத்தேன். சும்மா இராமல் நான்கு மூட்டையைத் தூக்கி உள்ளே அடுக்கித் தந்தான். மூக்கிலும் நெற்றியிலும் கரி. அப்படியே போய் கார்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “எங்க பாப்பா பாத்தா பயந்துரும்” என்றான். மகள் தர்ஷினி, ஆறு வயது.

பார்ட்டி இன்னும் ஒரு நாள் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டது. நாளைக்கு அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் டான்ஸாம், வருகிறேன் என்று சொல்லியிருந்தானாம். சாயங்காலம் போனில் அவன் பெண்டாட்டி கத்தியது கரி அறை வரை கேட்டது. பார்ட்டி வீட்டம்மாவும் வராந்தாவில்தான் இருந்தார்.

“நீ வரவே வேணாம், அங்கயே கெடன்னு வச்சுட்டா பெரியம்மா” என்று சிரித்துக்கொண்டே வந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு கம்பளிக் குல்லாவை எடுத்துக் காட்டினான். ரோஸ் நிறம், இரண்டு பக்கமும் குஞ்சம். “இதப் பாத்தா பிள்ளைக்கும் கோவம் போயிரும், பிள்ளையப் பாத்தா அவளுக்கும் போயிரும்.”

இன்று அறையில் படுக்கச் சொல்லிவிட்டேன். கங்கு கேட்டான். சட்டியில் நல்ல வெந்த கரியாகப் பார்த்துப் பற்றவைத்து, புகை துளிகூட இல்லாமல் கனிய வைத்துக் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள் என்று வழக்கம்போல் சொல்லி அனுப்பினேன். “சரி பெரியம்மா” என்றான். காலை ஐந்து மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறான். பார்ட்டிக்குச் சூரியோதயம் பார்க்க வேண்டுமாம்.

ஜனவரி 4, ஞாயிறு

ஐந்து மணிக்கு எழுப்பப் போனேன். எழவில்லை.

ஜனவரி 5, திங்கள்

உறைபனி. நேற்று பனியை எழுத விட்டுப்போயிற்று. நேற்றும் உறைபனிதான்.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. பார்ட்டியின் பிள்ளைகளை யாரோ ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார்கள். கரி எரியும்போது மணமும் நிறமும் இல்லாத ஒரு காற்று வருமாம், மூடிய அறையில் தூங்குகிறவனுக்குத் தெரியாமலே ஆளை முடித்துவிடுமாம். டாக்டர் எனக்குச் சொன்னார். மலையில் பிறந்த எனக்கு அது தெரியாதா? கீழே இருந்து வருகிறவர்கள்தான் புகை இல்லாவிட்டால் பயமில்லை என்று நினைப்பார்கள். அதனால்தான் யாருக்குக் கங்கு கொடுத்தாலும் அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்புவது.

இன்ஸ்பெக்டர் கேட்டார். “கங்கு குடுத்தது நீங்களாம்மா?”

“ஆமா சார்.”

“ஜன்னலத் தொறந்து வைக்கணும்னு சொன்னீங்களா?”

“சொன்னேன் சார். யாருக்குக் குடுத்தாலும் சொல்வேன்.”

பார்ட்டி வீட்டம்மாவும் சொன்னார். “அவங்க சொன்னாங்க, நான் கேட்டேன். அவன் சரின்னும் சொன்னான்.”

நான் பொய் சொல்லவில்லை. மூன்றாம் தேதிப் பக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜன்னல் உள்பக்கம் கொக்கி போட்டு மூடியிருந்தது என்று எழுதிக்கொண்டார்கள். என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

தகரம் ஒன்று கரிமூட்டைகளுக்குப் பின்னால் கிடக்கிறது. கோழிக்கூண்டுக்கு ஆகும்.

ஜனவரி 7, புதன்

பனி இல்லை.

தூபத்துக்குக் கரி கேட்டு உபதேசியார் வந்தார். “மூட்டை அங்க இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க” என்றேன். அவர் நல்ல துண்டாகத் தட்டிப் பார்த்து எடுத்தார். கணீர் கணீரென்று கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன்.

மூன்று நாளாகக் கரி அடுப்பைப் பற்றவைக்கவில்லை. விருந்தாளிகளின் கேஸ் அடுப்பில் கஞ்சி வைத்துக் குடிக்கிறேன். பல் விளக்கக் கரித்தூளை வாயில் வைத்தால் குமட்டுகிறது. பேஸ்ட் வாங்கிவிட்டேன். அதுவும் குமட்டுகிறது.

ஜனவரி 14, புதன்

உறைபனி லேசாக.

எட்வின் சார் வந்திருந்தார். எல்லா இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கேஸ் முடிஞ்ச மாதிரிதான் திரேசம்மா. நம்ம மேல ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லியும் மூடிக்கிட்டுப் படுத்திருக்கான்னா அது அவன் செஞ்சுக்கிட்டதுதான்னு பேச்சு. பொண்டாட்டியோட போன்ல சண்டையாமே.”

“அப்படியெல்லாம் இல்ல சார். சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்.”

“சிரிக்கிறவன் மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நீங்க ஸ்டேஷன்ல சொன்னத மாத்திச் சொல்லாதீங்க. அது போதும்.”

மாற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? சொன்னேன் என்று சொன்னேன். சொன்னது உண்மை.

அவர் போன பிறகு எல்லாத் திரைச்சீலையையும் துவைத்தேன், துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

ஜனவரி 19, திங்கள்

பனி இல்லை. யாக்கோபு கரி வாங்க வந்தார். இனி கரி விற்கவில்லை என்றேன். காரணம் கேட்டார். இடுப்பு வலி என்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு

பனி இல்லை.

பூசை முடிந்து வருகிறேன், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். வெள்ளையும் இல்லை, கலரும் இல்லை, வெளுத்துப்போன ஒரு சேலை. இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“நாகஜோதிங்க. சோணைமுத்து வீடு” என்றாள்.

அண்ணன் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறானாம், அவள் மட்டும் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வந்திருக்கிறாள். சோணைமுத்துவின் பொருட்களைப் பார்ட்டி என்னிடம்தான் கொடுத்துப் போயிருந்தது. ஒரு துண்டு, ஒரு சட்டை, டிபன் கேரியர், குல்லா. குல்லாவை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கேரியரைத் திறந்தாள். கரித்துண்டு உள்ளேயே இருந்தது.

“அண்டாதுன்னு நெனச்சுத்தான் போட்டுவிட்டேன்” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன்.

“நீங்க ஜன்னலத் தொறக்கச் சொன்னீங்களாமே. அதுக்கு அவரு என்ன சொன்னாரு?”

“சரி பெரியம்மான்னு சொன்னான்.”

“அப்பறம் ஏன் தொறக்கல?”

நான் குனிந்து பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தேன்.

“நான்தாம்மா போன்ல அங்கயே கெடன்னு சொன்னேன். ஊரே என்னைய அத வச்சுத்தான் பேசுது. கருமாதி முடிஞ்ச அன்னைக்கே எங்க அத்தை என்னைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பிருச்சு. பாப்பாவ விடல. எம்பிள்ளையக் கொன்னவகிட்ட எம்பேத்திய விடமாட்டேன்னு கதவச் சாத்திருச்சு. பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன். பாப்பா பள்ளிக்கூடம் போறத மரத்துக்குப் பின்னால நின்னு பாக்குறேன்.”

“அவன் சிரிச்சுக்கிட்டுத்தாம்மா இருந்தான். குல்லாவக் காட்டினான். உனக்குக் கோவம் போயிரும்னு சொன்னான்.”

“நானும் அதத்தாம்மா சொல்றேன். அவரு யாரு சொன்னாலும் கேக்குற ஆளு. நீங்க தொறன்னு சொல்லியிருந்தா தொறந்திருப்பாரு. ஆனா யாரு நம்புறா? ஜன்னல் மூடிக் கெடந்துச்சுல்ல.”

சொல்லிக்கொண்டே ஜன்னலருகில் போனாள். கொக்கியைக் கழற்றித் தள்ளினாள். பலகை கீச்சென்று விலகி முழுதாகத் திறந்தது. குளிர்காற்று உள்ளே வந்தது. மூடினாள், மறுபடி தள்ளிப் பார்த்தாள்.

“நல்லாத்தான தொறக்குது” என்றாள். அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள்.

நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

போகும்போது இந்த டைரியை வாங்கி, ஜனவரி 25 என்று போட்ட பக்கத்தின் மூலையில் அவளே தன் போன் நம்பரை எழுதினாள். அவன் வேறு ஏதாவது சொன்னதாக ஞாபகம் வந்தால் கூப்பிட வேண்டுமாம். உருண்டை உருண்டையான எழுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

ஜனவரி 26, திங்கள்

பனி இல்லை. ஜன்னல் நன்றாகத்தான் திறக்கிறது.

பிப்ரவரி 7, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டது, யாக்கோபிடம் இடுப்பு வலி என்று பொய் சொன்னது, இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாதது, எல்லாம் சொன்னேன். ஃபாதர், “வேற ஏதும் இருக்காம்மா?” என்றார். இல்லை என்றேன். பத்து அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். நாலாவதிலேயே நின்றுபோயிற்று.

பிப்ரவரி 10, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த டைரிக்குத் தெரியாத எதையும் எழுதப் போவதில்லை. டிசம்பர் 28ஐ யார் படித்தாலும் தெரிந்துகொள்வார்கள். நான்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தேன்.

‘ஜன்னலைத் திறந்து வை’ என்பது செபஸ்தியானுடைய வார்த்தை. எங்கள் கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து என் வாய்க்கு வந்தது. ஜெபமாலை உருட்டும்போது வாய் ஒருபக்கம் சொல்லிக்கொண்டிருக்கும், மனசு அரிசி ஊறவைத்தோமா என்று யோசிக்கும். அப்படித்தான் அன்றும் சொன்னேன். ஆறு நாளைக்கு முன்னால் அந்த ஜன்னலில் ஒன்பது ஆணி அடித்தவள் நான். சொல்லும்போது அது ஞாபகத்தில் இல்லை. சத்தியமாக இல்லை.

நாலாம் தேதி காலையில் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை, தள்ளினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கங்கு சாம்பல் பூத்திருந்தது. தொட்டேன், சில்லென்று இருந்தது. காற்று வரட்டும் என்று ஜன்னலுக்கு ஓடித் தள்ளினேன். அசையவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெளியே ஓடிக் கடப்பாரையால் தகரத்தைப் பிடுங்கினேன். சாக்குத்துணியை இழுத்துப் போட்டேன். ஜன்னல் திறந்துகொண்டது. அவனுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. பார்ட்டிப் பெரியவர் டார்ச்சோடு வருகிற சத்தம் கேட்டது. தகரம் என் கையில் இருந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் போட்டேன். உள்ளே வந்து ஜன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். ஏன் மாட்டினேன்? எல்லாம் முன்பிருந்த மாதிரி இருக்கட்டும் என்று கை செய்தது. இல்லை, கை செய்யவில்லை, நான் செய்தேன்.

முன்பிருந்த மாதிரியும் இல்லை. நான் உள்ளே போனபோது கொக்கி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 11, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். கொக்கியை அவன் கழற்றியிருக்கிறான். தள்ளிப் பார்த்திருக்கிறான். பழைய பலகை, பனியில் இறுகிக்கொண்டது என்று நினைத்திருப்பான். அந்தக் குளிரில் என்னை எழுப்பிக் கேட்க வேண்டாம் என்று படுத்திருப்பான்.

அந்தப் பெண் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள் இப்போது. பள்ளிக்கூடம் போகிற நேரம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

போன வருஷத்துக் குருத்தோலையைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதன்கிழமை நெற்றியில் பூசுகிற சாம்பலுக்கு எரிக்க. உபதேசியார், “கரி யாவாரத்த விட்டுட்டீங்களாமே, தூபத்துக்கு நாங்க எங்க போறது?” என்றார்.

எட்வின் சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, “இப்ப சொல்லி யாருக்கு என்ன லாபம் திரேசம்மா? செத்தவன் திரும்ப வரப்போறானா? உங்களத்தான் பிடிச்சு உள்ள போடுவான்” என்றார்.

பயமாக இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். இந்த வயதில் ஜெயில்.

பிப்ரவரி 18, திருநீற்றுப் புதன்

ஆறு மணிப் பூசையில் ஃபாதர் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். வீட்டுக்கு வந்து தகரத்தைச் சாக்கில் சுற்றிக் கட்டி, எட்டு மணி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர், “என்னம்மா அது, படமா?” என்றார். ஆமாம் என்றேன்.

மேலூரில் இறங்கி நாகஜோதிக்குப் போன் செய்தேன். “ஒரு விஷயம் சொல்லணும்மா. உன் மாமியார் வீட்டுக்கு வந்துரு, நானும் அங்கதான் வர்றேன்” என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

ஆலம்பட்டியில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு சின்னப் பெண் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மூக்கைப் பார்த்ததும் யார் என்று தெரிந்தது. வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லையாம்.

“ஒங்களுக்கும் திருஷ்டிப்பொட்டா?” என்று என் நெற்றியைக் காட்டிக் கேட்டாள்.

“அப்படித்தான் வச்சுக்கயேன்.”

“எங்கம்மா கன்னத்துல வைக்கும். நெத்தியில வைக்காது.” சிலேட்டைத் துடைத்துக்கொண்டே, “இப்ப யாரும் வைக்கிறதில்ல” என்றாள்.

மாமியார் வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும், பதினைந்து வயது கூடுதலாகத் தெரிந்தது. அவர் பின்னால் இளைய மகன். கோடைமலையிலிருந்து வருகிறேன், கங்கு கொடுத்தவள் நான்தான் என்றேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். நான் வாங்கி வைத்தேன், குடிக்கவில்லை. நாகஜோதி வந்து வாசற்படிக்கு வெளியே நின்றாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாக்கைப் பிரித்துத் தகரத்தைத் தரையில் வைத்தேன்.

“இது அந்த அறை ஜன்னல்ல இருந்தது. நான்தான் வெளிப்பக்கமா வச்சு ஆணி அடிச்சேன். இது இருந்தா உள்ள இருந்து யாரு தள்ளுனாலும் ஜன்னல் தொறக்காது. அடிச்சத மறந்துட்டு, ஜன்னலத் தொறந்து வையின்னு அவன்கிட்ட சொல்லி அனுப்பிட்டேன். காலையில நான் உள்ள போறப்ப கொக்கி கழண்டு தொங்குச்சு. அவன் தொறக்கப் பாத்திருக்கான். தகரத்தப் பிடுங்கி ஒளிச்சு வச்சதும் நான்தான். போலீஸ் வர்றதுக்கு முன்னால கொக்கிய மறுபடி மாட்டுனதும் நான்தான்.”

பஸ்ஸில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சொல்லி முடித்ததும் இவ்வளவுதானா என்று இருந்தது.

இளையவன் என்னை நோக்கி வந்தான். அவன் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து தகரத்திலிருந்த ஆணி ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். ஒன்பதையும் தடவி முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

“எம்பிள்ள தொறக்கப் பாத்தானா?”

“பாத்தாம்மா.”

“அப்ப அவனாச் சாகல.”

“இல்லம்மா. குல்லா வாங்கி வச்சிருந்தான். காலையில அஞ்சு மணிக்கு எழுப்பச் சொன்னான்.”

அந்த அம்மா தகரத்தின் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நான் நாகஜோதியைப் பார்த்தேன். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னைக்கு நான் அந்த ஜன்னலத் தள்ளிப் பாத்தேன்” என்றாள். “நீங்க பக்கத்துலதான் நின்னீங்க.”

“ஆமா.”

“நல்லாத்தான தொறக்குதுன்னு சொன்னேன்.”

“ஆமாம்மா.”

“எனக்கு டீ போட்டுக் குடுத்தீங்க.”

“ஆமா.”

“எந்திரிச்சுப் போயிருங்க.”

எழுந்தேன். தகரத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள். தெருத் திருப்பத்தில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது, ஆனால் பார்த்தேன். வாசற்படிக்கு வெளியே நின்றவளை மாமியார் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். தர்ஷினி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

பனி இல்லை.

காலையில் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டவர் இரண்டு தரம் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இது தேவையாம்மா உங்களுக்கு?” என்றார். தேவை என்றேன். இன்ஸ்பெக்டர் டைரியைச் சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார். என்னை என்ன செய்வார்கள் என்று அவருக்கும் இப்போது சொல்லத் தெரியவில்லை. ஊரைவிட்டுப் போகக்கூடாதாம். எங்கே போவேன்?

திரும்பி வந்து டிரைவர் அறையைக் கூட்டினேன். ஜன்னலை முழுக்கத் திறந்து, மூட முடியாதபடி கல் முட்டுக்கொடுத்து வைத்தேன். மீதியிருந்த கரியை யாக்கோபுக்கே கொடுத்துவிட்டேன். அவருக்குச் சட்டைக் கசங்கலை எடுக்கத்தான் கரி, ஆகட்டும்.

டைரியில் எழுத இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. இதைப் படிக்கப்போகிறவர்கள் யாராக இருந்தாலும், அவன் கேஸில் இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் திறந்து வைக்கச் சொன்னேன். அவன் என் பேச்சைக் கேட்டான்.